வடசென்னை வார்டுக்கு ஒரு பசுமைத் திட்டம்: நிலம் தேடுவதிலிருந்து மூன்றாம் ஆண்டுப் பராமரிப்பு வரை

தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் சுற்றினால் ஒரே அச்சில் வார்த்த பூங்காக்கள் சில கண்ணில் படும். முகப்பில் கிரானைட் கல்வெட்டு, உள்ளே இன்டர்லாக் கல் நடைபாதை, காய்ந்த புல்தரை, பூட்டிய கழிப்பறை. திறந்த அன்று நன்றாகத்தான் இருந்திருக்கும். செடிக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும், அதை ஊற்றுகிற ஆளுக்கு மூன்றாம் ஆண்டில் யார் சம்பளம் கொடுப்பார்கள் என்ற இரண்டு கேள்விகளைத்தான் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இந்த வழிகாட்டி அந்த இரண்டு கேள்விகளில் தொடங்கிப் பின்னோக்கித் திட்டமிடுவதைப் பற்றியது. குடியிருப்போர் சங்கத்தினர், மாமன்ற உறுப்பினர்கள், வார்டு பொறியாளர்கள் ஆகிய மூன்று தரப்பையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

1. எவ்வளவு வேண்டும் என்ற கணக்கு

மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகத்தின் 2014 வழிகாட்டு நெறிகள், நகரத்தில் ஆளுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்கின்றன. இதைச் சென்னைக்குப் பொருத்திப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பின்படி விரிவான மாநகராட்சியின் மக்கள்தொகை 66 லட்சத்துக்கு மேல், வார்டுகள் 200. சராசரியாக ஒரு வார்டுக்கு 33,000 பேர். ஆளுக்குப் பத்து சதுர மீட்டர் என்றால் ஒரு வார்டுக்கு மட்டும் 80 ஏக்கர் தேவை. ராயபுரத்திலோ புளியந்தோப்பிலோ 80 ஏக்கருக்கு எங்கே போவது? மொத்த வார்டையும் இடித்தால்தான் உண்டு.

அதனால் இந்த அளவுகோலை மணலி, மாதவரம் மாதிரி ஏரியும் காலி நிலமும் மிச்சமிருக்கும் மண்டலங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நெரிசலான வார்டுகளுக்கு நகர்ப்புற வனவியல் அறிஞர் செசில் கோனைனென்டைக் 2021-ல் முன்வைத்த 3-30-300 அளவுகோல் பொருத்தம்: வீட்டு ஜன்னலிலிருந்து 3 மரம் தெரிய வேண்டும், பகுதியில் 30 சதவீதம் மர நிழல் இருக்க வேண்டும், 300 மீட்டருக்குள் ஒரு பூங்கா இருக்க வேண்டும். முப்பது சதவீதம் நமக்கு நெடுங்கனவு. ஆனால் 300 மீட்டரை இன்றே அளந்துவிடலாம்.

அளக்கும்போது வரைபடத்தில் வட்டம் போட்டு முடித்துவிடாதீர்கள், நடந்து பாருங்கள். ரயில் பாதையும் கால்வாயும் கன்டெய்னர் லாரிச் சாலையும் குறுக்கே ஓடும் பகுதி இது. கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தால் 300 மீட்டர் என்பதற்கு அர்த்தமே இல்லை. ஆறு வயதுக் குழந்தை தனியாகக் கடக்க முடியாத சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பூங்காவை உங்கள் தெருவின் பூங்காவாகக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இப்படி நடந்து முடித்தால் பூங்காவே எட்டாத தெருக்களின் பட்டியல் கையில் வந்துவிடும். திட்டத்தின் முதல் பக்கம் அதுதான்.

2. நிலம் தேடுதல்

“இடமே இல்லை சார்” என்பது எல்லோரும் சொல்வது. பாதிதான் உண்மை. வடசென்னையில் பூங்கா என்று பெயர் வாங்காத பசுமை நிலம் பல வடிவங்களில் ஒளிந்திருக்கிறது.

மேம்பாலத்தின் அடி ஒன்று. பெரம்பூர் முரசொலி மாறன் மேம்பாலப் பூங்கா கண்ணெதிரே இருக்கும் சான்று. பழைய கட்டுமானத்தின் தலை இன்னொன்று: ஆங்கிலேயர் காலத்துக் கருப்பர் நகரத்தைச் (இன்றைய ஜார்ஜ் டவுன்) சுற்றி எழுந்த பழைய மதிலில் எஞ்சிய துண்டின் மேல்தான் பழைய வண்ணாரப்பேட்டை மாடிப் பூங்கா அமைந்தது. நெரிசலுக்கு நடுவே பூங்காவுக்கு இடம் கண்டுபிடிப்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. 1949-ல் தி.மு.க. பிறந்த பொதுக்கூட்டம் நடந்த ராபின்சன் பூங்காவும் ராயபுரத்தில்தான் இருக்கிறது. இன்று அறிஞர் அண்ணா பூங்கா.

அடுத்தது மாநகராட்சிப் பள்ளி மைதானங்கள். மாலை ஐந்து மணிக்கு மேலும் ஞாயிறுகளிலும் பூட்டிக் கிடப்பவை. காவலரும் விளக்கும் ஏற்பாடு செய்தால் ஒரு செங்கல்கூட வைக்காமல் ஒரு விளையாட்டுத் திடல் கிடைத்துவிடும். இடுகாடுகள், நீரேற்று நிலைய வளாகங்கள், குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளின் பிளாக்குகளுக்கு இடையே உள்ள சந்துகள், ரயில்வே சுவரோரங்கள் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில் அந்த இடம் எந்தத் துறையுடையது என்பதையும் எழுதுங்கள். பக்கிங்காம் கால்வாய்க் கரையில் மாநகராட்சி தானாக ஒரு செடி நட முடியாது. அது நீர்வளத் துறையின் பொறுப்பு. எண்ணூர், கத்திவாக்கம் கடற்கரையோரம் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் குறுக்கே வரும். துறை தெரியாமல் மனு போட்டால் ஆறு மாதம் கழித்து “எங்களுடையது இல்லை” என்ற ஒரு வரிப் பதில் வரும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கால்வாய்க் கரைகளில் தலைமுறைகளாகக் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்களைக் கண்ணகி நகர், பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளுக்கு அனுப்பிவிட்டு அந்த இடத்தில் நடைபாதையும் பூச்செடியும் வைப்பதைப் பசுமைத் திட்டம் என்று நான் ஏற்கமாட்டேன். ஆட்கள் குடியிருக்கும் கரையை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். தேட வேறு இடம் இருக்கிறது.

அந்த வேறு இடம், ஓ.எஸ்.ஆர். நிலம், அதாவது மனைப்பிரிவுகளில் திறந்தவெளிக்கு ஒதுக்கிய நிலம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ன்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலத்துக்குப் பதில் பணமாகவும் கட்டலாம். கொடுங்கையூர், மாதவரம், மணலிப் பக்கம் மனைப்பிரிவுகள் ஏராளம். வரைபடத்தில் ‘பூங்கா’ என்று பச்சையாக இருக்கும், நேரில் போனால் செங்கல் குவியல், கார் ஷெட், சில இடங்களில் மாடி வீடே நிற்கும்.

3. ஆவணம் சேர்த்தல்

ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கோப்பு திறங்கள். அதற்குள் வேண்டியவை: மனைப்பிரிவின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், தானப் பத்திரத்தின் நகல், நகர நில அளவைப் பதிவேட்டின் பிரதி, புல வரைபடம். அங்கீகார வரைபடத்துக்குச் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), தானப் பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகம். கேட்டுக் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனு போடுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். “எங்கள் வார்டில் உள்ள ஓ.எஸ்.ஆர். நிலங்களின் பட்டியல்” என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காமல், அங்கீகார எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்டால் தட்டிக்கழிப்பது கடினம்.

பத்திரம் பதிவாகியும் பதிவேட்டில் பழைய உரிமையாளர் பெயரே இருப்பது அடிக்கடி காணும் ஓட்டை. ஆக்கிரமிப்பு வழக்குகள் இழுப்பதும் இதனால்தான். மாநகராட்சிப் பெயருக்கு மாற்றுவதும் நான்கு மூலையிலும் எல்லைக்கல் நடுவதும் முடியும் வரை அந்த இடத்தில் ஒரு ரூபாய்கூடச் செலவிட வேண்டாம். ஏற்கெனவே பூங்காவாக இருப்பவற்றுக்கு 1959-ம் ஆண்டின் தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள் மற்றும் திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு வரும். அதன் பட்டியலில் உள்ள இடத்தை அரசின் முன் அனுமதி இல்லாமல் வேறு பயனுக்கு மாற்றக் கூடாது. பூங்கா மூலையில் ‘தற்காலிகமாக’ ஒரு கட்டடம் முளைக்கும்போது இந்தச் சட்டத்தின் பெயரை மனுவில் எழுதினால் பேச்சின் தொனியே மாறும்.

4. தண்ணீர்

நிலம் இருந்தும் திட்டம் தோற்பது இங்கேதான்.

வடசென்னைக் கடலோர நிலத்தடி நீரில் உப்பு ஏறியிருப்பது ஊரறிந்த கதை. மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் உள்ளே புகுவது 1960-களிலிருந்தே பதிவாகியிருக்கிறது. ஆகவே “போர் போட்டுக்கலாம்” என்று எழுதுவதற்கு முன் பக்கத்துக் குழாய்க் கிணற்றின் நீரை, கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் வைத்துப் பாருங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் பாசன வழிகாட்டுதலின்படி லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் கவலையில்லை. 2,000 வரை பயிரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு மேல் போனால் உப்பைத் தாங்கும் மரம் தவிர வேறெதையும் நம்பாதீர்கள். மழை முடிந்த ஜனவரியில் ஒரு தடவை, மே மாதத்தில் ஒரு தடவை அளப்பது அவசியம். ஜனவரியில் நல்ல பிள்ளையாக இருக்கும் கிணறு மே மாதத்தில் வேறு முகம் காட்டும்.

அப்புறம் தேவைக் கணக்கு. ஆயிரம் சதுர மீட்டர் புல்தரைக்குக் கோடையில் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் வீதம் நாளைக்கு 5,000 லிட்டர், வாரத்துக்கு 35,000 லிட்டர். அதே இடத்தில் நூறு மரக்கன்று இருந்தால், கன்றுக்கு 15 லிட்டர் வீதம் வாரம் இரண்டு முறை ஊற்ற 3,000 லிட்டர் போதும். அதுவும் முதல் இரண்டு, மூன்று கோடைகளுக்குத்தான். வேர் இறங்கிவிட்டால் மரம் தன்னைப் பார்த்துக்கொள்ளும். புல்லுக்கு ஆயுசு முழுக்க ஊற்ற வேண்டும். குடத்தோடு லாரிக்கு நிற்கும் தெருவில் புல்தரைக்கு லாரித் தண்ணீர் விட்டால் ஜனங்கள் திட்டத்தான் செய்வார்கள். வடசென்னைக்குப் புல்தரைப் பூங்கா பொருந்தாது என்பது என் முடிவு. நிழல் மரமும் மண் தரையும் போதும்.

மாற்று வழி சுத்திகரித்த கழிவுநீர். கொடுங்கையூரில் 2019 முதல் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ள மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு ஆலை மணலித் தொழிற்சாலைகளுக்கு நீர் கொடுக்கிறது. மரத்துக்கு அவ்வளவு உயர்தரம் தேவையில்லை. இரண்டாம் நிலையில் சுத்திகரித்து, வடிகட்டி, குளோரின் சேர்த்தால் போதும். குடிநீர் வாரியத்திடம் லாரி நிரப்பும் இடம் ஒன்றை எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். கீரை, பழச் செடிகள், குழந்தைகள் உருளும் இடம் ஆகியவற்றுக்கு மட்டும் இந்த நீர் வேண்டாம்.

மழைநீரையும் விட்டுவிடக் கூடாது. பூங்காவின் தரை சாலையைவிட அரை அடி தாழ்வாக இருக்கட்டும். இங்கே வழக்கம் நேர் எதிர்: மண் கொட்டி மேடாக்கி, மதிலும் எழுப்பி, தெருத் தண்ணீரைப் பக்கத்து வீட்டுக்குத் திருப்பிவிடுவது. ஸ்பாஞ்ச் பூங்கா என்று இப்போது பேசப்படுவதன் சாரம், ஒரு மூலையில் குளம் வெட்டித் தெருவின் நீரை அங்கே இறக்குவது. இரண்டு மூன்று நாளில் நீர் இறங்காத குளம் என்றால் கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விட வேண்டும், இல்லாவிட்டால் கொசுவுக்குப் பயந்து அக்கம்பக்கத்தினரே மண் போட்டு மூடிவிடுவார்கள்.

5. மண்ணும் மரமும்

குழி வெட்டும் முன் கடப்பாரையால் நாலைந்து இடத்தில் குத்திப் பாருங்கள். ‘டங்’ என்று சத்தம் வந்தால் கீழே இடிபாடு. வடசென்னையின் பாதிக் காலி மனைகள் உடைந்த சிமென்டும் டைல்ஸும் கொட்டி நிரப்பப்பட்டவை. அப்படிப்பட்ட இடத்தில் மூன்றடிக்கு மூன்றடிக் குழி எடுத்து இடிபாட்டை முழுவதும் அகற்றி, செம்மண்ணும் மாநகராட்சி உரக்கிடங்கின் மக்கிய உரமும் கலந்து நிரப்ப வேண்டும். கொடுங்கையூர் குப்பைக் கிடங்கை ஒட்டிய இடங்களிலும் பழைய தொழிற்சாலை மனைகளிலும் உண்பதற்கான எதையும் வளர்க்காதீர்கள்.

மரத் தேர்வில் 2016 டிசம்பரில் வந்த வர்தா புயலை மறக்கக் கூடாது. செம்மயில் கொன்றை, பெல்டோபோரம் என்று சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் பூக்கும் வெளிநாட்டு வகைகள் தெருத் தெருவாகச் சாய்ந்தன. மழைநீர் வடிகாலுக்காக ஒரு பக்க வேர் வெட்டப்பட்ட மரங்கள் எந்த வகையாக இருந்தாலும் விழுந்தன. கொசஸ்தலையாறு வடிநிலத்தில் ஆசிய வளர்ச்சி வங்கி உதவியோடு நடந்த வடிகால் பணி திருவொற்றியூர், மணலி, மாதவரம் தெருக்களைத் தொட்டிருக்கிறது. அந்தத் தெருக்களில் நிற்கும் மரங்களை முதலில் பரிசோதியுங்கள்: சாய்வு இருக்கிறதா, அடிப்பக்கம் மண் வெடித்திருக்கிறதா, கிளை ஒரு பக்கம் மட்டும் கனக்கிறதா.

இடத்துக்கேற்ற மரம் என்று பார்த்தால், எண்ணூர், திருவொற்றியூர் கடலோரத்துக்குப் புன்னை, பூவரசு, பனை, தாழை, உகாய். தண்ணீர் தேங்கும் முல்லை நகர், வியாசர்பாடி மாதிரித் தாழ்வான பகுதிகளுக்கு நீர்மருது, நாவல், புங்கன், நீர்க்கடம்பு. மின்கம்பி ஓடும் குறுகலான தெருவுக்கு மந்தாரை, சரக்கொன்றை, பவழமல்லி. திடல் ஓரம் அகலமான இடம் கிடைத்தால் வேம்பு, இலுப்பை, மகிழம். மொத்தத்தில் ஒரே இனம் பத்து சதவீதத்தைத் தாண்டாமல் பாருங்கள். ஒரு நோய் வந்தால் எல்லாம் ஒன்றாகப் போய்விடும். கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரம் வேண்டவே வேண்டாம். குஜராத் அரசு 2023-லேயே அதைத் தடை செய்துவிட்டது.

மணலி தனிக் கதை. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட மாசுக் குறியீட்டில் மணலி 76.32 புள்ளி வாங்கியது. 70-ஐத் தாண்டினாலே ‘கடுமையாக மாசுபட்டது’. அங்கே அலங்காரச் செடிக்கு வேலையில்லை. சாலைக்கும் குடியிருப்புக்கும் நடுவே உயரமும் குட்டையுமாக மூன்று நான்கு வரிசை அடர்த்தியான மரங்கள் தேவை. பெரிய ஆலைகளின் சுற்றுச்சூழல் அனுமதியில் 33 சதவீத நிலத்தில் பசுமை வளையம் என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை நிறைவேற்றிய அறிக்கையைப் பொதுவில் வைக்க வேண்டும் என்பதும் விதி. அந்த அறிக்கைகளை எடுத்துப் படித்துவிட்டு, சொன்ன மரம் நிற்கிறதா என்று போய்ப் பாருங்கள்.

மியாவாக்கி காடு இப்போது எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று நடும் இந்த முறை, ஆள் நடமாட்டம் இல்லாத துண்டு நிலத்துக்குச் சரி. பிள்ளைகள் விளையாட ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது என்றால் அதில் இதைக் கொண்டுவந்து வைக்காதீர்கள். அது காடு, உள்ளே யாரும் போக முடியாது.

6. யாருக்கான பூங்கா

வரைபடம் போடும் ஆலோசகரிடம் கொடுப்பதற்கு முன் ஒரு வாரம் காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஐந்து, இரவு எட்டு என்று போய் உட்கார்ந்து பாருங்கள். ஒற்றை அறை வாரிய வீட்டுக்காரர்களுக்குப் பூங்காதான் வரவேற்பறை. பகலில் வீட்டுக்குள் வெக்கை தாங்காமல் பெரியவர்கள் வெளியே வருவார்கள். அந்த நேரம் பார்த்துப் பூங்காவைப் பூட்டிவைப்பது எந்த நியாயமும் இல்லாத பழக்கம். வியாசர்பாடிப் பையன்களுக்கு ஃபுட்பால் ஆட வெறும் மண் தரை வேண்டும், அதில் நீரூற்று வைக்காதீர்கள். கேரம் போர்டுக்கு ஒரு கூரையும் விளக்கும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வெளிச்சமும் பிளக் பாயின்ட்டும். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். திறந்திருக்கும் கழிப்பறை, இருட்டு மூலை இல்லாத வெளிச்சம், இரண்டு வாசல் ஆகிய மூன்றும் முதலில் வரும். குழந்தை விளையாடும் இடம் பெஞ்சிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும்.

7. பணமும் டெண்டரும்

பணம் வரும் வழிகள் தெரிந்தவைதான்: மாநகராட்சியின் பூங்காத் துறை, மாமன்ற உறுப்பினரின் வார்டு மேம்பாட்டு நிதி, எம்.எல்.ஏ., எம்.பி. தொகுதி நிதி, மக்களும் பங்கு போடும் நமக்கு நாமே திட்டம், 2013 கம்பெனிச் சட்டப்படியான சி.எஸ்.ஆர். (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி), 2023-ல் அறிவித்த வடசென்னை வளர்ச்சித் திட்டம். இவற்றில் பெரும்பாலானவை கட்டுவதற்குத்தான் பணம் தரும், தண்ணீர் ஊற்றுவதற்குத் தராது. அதனால் மூன்றாண்டுப் பராமரிப்பையும் கட்டுமான டெண்டருக்குள்ளேயே சேர்க்கச் சொல்லுங்கள். தொகையைக் கன்று உயிரோடிருப்பதோடு கட்டிப்போட வேண்டும்: ஒவ்வொரு காலாண்டும் எண்ணி, 90 சதவீதத்துக்குக் கீழே போனால் பிடித்தம், செத்த கன்றுக்கு ஒப்பந்ததாரர் செலவில் மறு நடவு. எத்தனை பேர், எந்த நேரம், யார் விடுப்பில் போனால் மாற்று யார் என்பதும் எழுத்தில் வேண்டும். பூங்காவை ஒரு நிறுவனம் தத்தெடுக்க ஒப்பந்தம் போட்டால், அதன் பெயர்ப் பலகையின் அளவையும் அதிலேயே வரையறுத்துவிடுங்கள். பிற்பாடு சண்டை இருக்காது.

நிர்வாக வழி இது: பகுதி சபையில் தீர்மானம், வார்டு கமிட்டி, மண்டலக் குழு, அப்புறம் மாமன்றம். மாநகராட்சி பட்ஜெட் பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. அதில் இடம் பிடிக்க நவம்பருக்குள் மதிப்பீட்டோடு மனு மண்டல அலுவலகத்தில் இருக்க வேண்டும். நவம்பரில் எல்லோரும் மழைப் பணியில் இருப்பார்கள், அதையும் கணக்கில் வைத்து அக்டோபர் முதல் வாரமே கொடுத்துவிடுவது நல்லது.

8. ஆண்டு வேலை

சென்னையின் ஆண்டு மழை சுமார் 140 சென்டிமீட்டர். அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை. நடவு ஆகஸ்ட், செப்டம்பரில் முடிந்தால் மழைக்குள் வேர் பிடித்துவிடும். உலகச் சுற்றுச்சூழல் தினம் என்று ஜூன் 5 அன்று கத்திரி வெயில் முடிந்த கையோடு நடுவதைப் போட்டோவுக்கு வைத்துக்கொள்ளலாம். கன்று ஆறடிக்குக் குறையாமல், சவுக்குக் கம்பு கட்டி, கூண்டோடு. கட்டிய கயிறை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தளர்த்தாவிட்டால் பட்டைக்குள் பதிந்து தண்டை அறுத்துவிடும். கூண்டின் இரும்புக் கம்பியும் அப்படியே. மரம் பருத்ததும் வெட்டி எடுங்கள்.

கிளை கழிப்பது செப்டம்பருக்குள். மொட்டையடிக்காமல் காய்ந்ததையும் குறுக்கே போவதையும் மட்டும் எடுக்க வேண்டும். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் போட்டிருக்கும் சிமென்டை உடைத்தெடுக்கச் சொல்லுங்கள்; தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே டெல்லிக்கு இப்படி உத்தரவிட்டிருக்கிறது. உதிர்ந்த இலையைக் கொளுத்த விடாதீர்கள். பூங்காவின் பின் மூலையில் மாற்றி மாற்றி நிரப்ப இரண்டு குழி இருந்தால் உரம் வெளியிலிருந்து வாங்க வேண்டியதில்லை. மரத்தில் ஆணி அடித்து விளம்பரம் மாட்டினால் மாநகராட்சியின் உதவி எண் 1913-க்கு அடித்துப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

9. பதிவேடு

ஒவ்வொரு மரத்துக்கும் பெயின்ட்டில் ஒரு எண். பதிவேட்டில் இனம், நட்ட தேதி, நாலரை அடி உயரத்தில் தண்டின் சுற்றளவு, நிலை. ஒரு நோட்டுப் புத்தகமே போதும், ஆனால் இரண்டு படி இருக்கட்டும்: ஒன்று வார்டு அலுவலகத்தில், ஒன்று சங்கத்தில். உதவிப் பொறியாளர்கள் மாறுவார்கள், ஒப்பந்ததாரர் மாறுவார், மாமன்ற உறுப்பினரும் மாறுவார். புதிதாக வருபவரிடம் முதல் வாரத்திலேயே அந்தப் பதிவேட்டைக் கொடுத்து, அவரோடு ஒரு சுற்று நடந்து, போன காலாண்டில் எத்தனை கன்று போனது என்று காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பிடித்தம் செய்ய வேண்டிய பில் அடுத்த மாதமே அவர் மேஜைக்குத்தான் வரும்.